இடுப்பு எலும்பு முறிந்தது! ஆபரேஷன் வேண்டாம் என்றார் 96 வயது யோகா ஆசான்!

திருவரங்குளம்:

காலையில் எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் யோகா பண்ணுங்க என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுகிறார். சரி, எந்த யோகா?

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற ரோட்டில் இருக்கிற திருவரங்குளத்துக்காரர் ஒருத்தருக்கு இந்தச் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது? செல்போனைத் திறந்தால் தலை சுற்றுகிறது. அஷ்டாங்கம் என்கிறான் ஒருத்தன். அய்யங்கார் முறை என்கிறான் இன்னொருத்தன். வின்யாசா என்கிறார்கள், விநியோகம் என்கிறார்கள். ஒருத்தன் குதிக்கிறான். ஒருத்தன் சுவரில் கயிறு கட்டித் தொங்குகிறான். ஒரு கிழவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கி இறக்குகிறார்.

எல்லாம் வேற வேற என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் இத்தனை பேருக்கும் வாத்தியார் ஒரே ஆள்!

அவர் பெயர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1989-ல் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 100.

10 வயதில் அப்பாவைப் பறிகொடுத்தவர்

கர்நாடகத்தில் சித்ரதுர்கா பக்கம் முசுகுந்தபுரம் என்ற சின்ன ஊர். அங்கே 1888 நவம்பர் 18-ந்தேதி பிறந்தார். ஆறு பிள்ளைகளில் மூத்தவர். அப்பா ஸ்ரீநிவாச தாத்தாச்சாரியார் வேதம் சொல்லிக்கொடுக்கிறவர். பையனுக்கு அஞ்சு வயதிலேயே சமஸ்கிருதமும் சில ஆசனங்களும் பழக்கிவிட்டார்.

பையனுக்குப் பத்து வயது ஆனபோது அப்பா போய்விட்டார். குடும்பம் மைசூருக்கு வந்தது. அங்கே பரகால மடத்தில் அவர்கள் குடும்பத்துப் பெரியவரே மடாதிபதி. அதனால் படிப்புக்குக் குறை இல்லை.

16 வயதில் தமிழ்நாட்டுக்கு வந்தார். நம்மாழ்வார் ஊரான ஆழ்வார்திருநகரிக்கு யாத்திரை. அங்கே ஒரு மாந்தோப்பில் மயங்கிக் கிடந்தபோது, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய நாதமுனிகள் தோன்றி, யோக ரகசியம் என்ற நூலைச் சொன்னதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். நாதமுனிகள் அவர் குடும்பத்தின் முன்னோர் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. நம்புகிறவர்கள் நம்பலாம். அந்த நூல் அவர் வாயிலிருந்து வந்து, மகன் எழுதி வைத்து அச்சானது என்பது மட்டும் நிச்சயம்.

காசி, பாட்னா என்று வடக்கே பல இடங்களில் படித்தார். தர்க்கம், மீமாம்சை, ஆயுர்வேதம் எதையும் விடவில்லை. பிறகு இமயத்தைத் தாண்டி மானசரோவர் ஏரிக்கரைக்கு நடந்தே போய், ராமமோகன பிரம்மச்சாரி என்ற குருவிடம் ஏழு வருஷத்துக்கு மேல் இருந்தாராம். வருஷக் கணக்கு இடிக்கிறது என்று சொல்கிற ஆராய்ச்சிக்காரர்களும் உண்டு. அந்த ஏழு வருஷத்துக்கு அவர் வாய்ச்சொல்தான் சாட்சி.

குரு கேட்ட தட்சிணை வினோதமானது. ஊருக்குப் போ, கல்யாணம் பண்ணிக்கோ, பிள்ளை குட்டிகளோடு இரு, யோகம் சொல்லிக்கொடு. இவ்வளவுதான். சாமியாராகப் போக வேண்டியவர் சம்சாரியாகத் திரும்பி வந்தார்.

காபி தோட்டத்தில் மேஸ்திரி!

1925-ல் கல்யாணம். மனைவி பெயர் நாமகிரியம்மாள். அதற்கப்புறம்தான் பாடு.

இத்தனை சாஸ்திரம் படித்த ஆளுக்கு வேலை இல்லை. யோகா கற்றுக்கொள்ள அன்றைக்கு யார் காசு கொடுப்பார்கள்? ஹாசன் ஜில்லாவில் ஒரு காபி தோட்டத்தில் மேஸ்திரி வேலைக்குப் போனார். லீவு நாட்களில் ஊர் ஊராகப் போய் யோகா பற்றிப் பேசினார், செய்தும் காட்டினார். கட்டிக்கொள்ளத் துணி இல்லாமல், மனைவியின் புடவையில் ஒரு துண்டைக் கிழித்துக் கோவணம் கட்டிக்கொண்ட காலமும் உண்டாம்.

கூட்டம் சேர்க்க வித்தை காட்ட வேண்டியிருந்தது. ஓடுகிற காரைக் கையால் நிறுத்துவார். கனமான சாமானைப் பல்லால் கவ்வித் தூக்குவார். நாடித்துடிப்பை நிறுத்திக் காட்டுவார். இதெல்லாம் யோகமா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் வேடிக்கை பார்க்க வந்தவனில் பத்தில் ஒருத்தனாவது உட்கார்ந்து பேச்சைக் கேட்டான்.

அப்படி 1927-ல் ஹாசனில் வேடிக்கை பார்த்த ஒரு 12 வயதுப் பையன் மறுநாளே வந்து காலில் விழுந்தான். அந்தப் பையன்தான் பட்டாபி ஜோயிஸ்.

துடிப்பு நின்றதா?

நாடி விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். 1935-ல் தெரேஸ் ப்ரோஸ் என்ற பிரெஞ்சு இதய டாக்டரம்மா கருவியோடு வந்து இவரைச் சோதித்தார். கருவியில் கோடு ஏறக்குறைய படுத்துவிட்டது. இதயத்தை நிறுத்துகிற யோகி என்று பேச்சுப் பரவியது.

பிறகு அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் டெல்லி டாக்டர் ஒருவரும் சேர்ந்து இவரையும் இன்னும் சிலரையும் சோதித்து, 1961-ல் கட்டுரை எழுதினார்கள். மூச்சைப் பிடித்து மார்பையும் வயிற்றையும் இறுக்கினால் கையில் நாடி தட்டுப்படாமல் போகும், காதில் வைத்துக் கேட்டால் இதயச் சத்தமும் மங்கும், ஆனால் இதயம் நிற்பதில்லை என்பது அவர்கள் முடிவு. சென்னைக்கு வந்தபின் கிருஷ்ணமாச்சாரியாரே இந்த வித்தையில் அக்கறை காட்டவில்லை. வீட்டில் யாரும் இதை முயன்று பார்க்க வேண்டாம்.

அரண்மனையில் பள்ளிக்கூடம்

மைசூர் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு உடம்பு சரியில்லை. சர்க்கரை வியாதி. கிருஷ்ணமாச்சாரியாரைப் பற்றிக் கேள்விப்பட்டு அழைத்தார். 1931-ல் மைசூர் சமஸ்கிருதக் கல்லூரியில் வேலை. 1933-ல் ஜெகன்மோகன் அரண்மனையில் யோகசாலை திறந்தது.

அங்கே வந்தவர்கள் வாலிபர்கள், அரச குடும்பத்துப் பையன்கள். துறுதுறுவென்று இருக்கிற பசங்களை ஒரு இடத்தில் கண்ணை மூடி உட்காரச் சொன்னால் நடக்குமா? அதனால் வாத்தியார் ஓட்டமும் தாவலுமாகப் பாடத்தை அமைத்தார். ஒரு ஆசனத்திலிருந்து இன்னொன்றுக்கு மூச்சுக் கணக்கோடு தாவ வேண்டும். அரண்மனையில் ஏற்கனவே கயிறும் கட்டைகளுமாக உடற்பயிற்சிக் கூடம் ஒன்று இருந்தது. அதிலிருந்தும் சிலது கலந்திருக்கும் என்று நார்மன் ஸ்யோமன் என்ற ஆராய்ச்சியாளர் 1996-ல் புத்தகமே போட்டார்.

1934-ல் கன்னடத்தில் யோக மகரந்தம் என்ற புத்தகம் வந்தது. நம்ம ஊருக்கும் அதில் சம்பந்தம் உண்டு. 1938-ல் அதன் தமிழ்ப் பதிப்பு மதுரையில் அச்சானது. பின்னால் வெளிநாட்டுக்காரர்கள் இங்கிலீஷில் படித்தது அந்தத் தமிழ்ப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பைத்தான்.

மச்சானுக்கு நேர்ந்த கதி

1934-ல் இன்னொரு பையன் வந்து சேர்ந்தான். நாமகிரியம்மாளின் தம்பி. 15 வயது. மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று எல்லா வியாதியும் வந்து போன ஒட்டடைக் குச்சி உடம்பு. குனிந்தால் விரல் முழங்காலைத் தாண்டாது. பெயர் பி.கே.எஸ். அய்யங்கார்.

இவன் தேற மாட்டான் என்று அக்கா வீட்டுக்காரர் முடிவு கட்டிவிட்டார். தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துவது, எடுபிடி வேலை. அவ்வளவுதான். அந்த வீட்டில் பிரியமான சீடனாக இருந்த இன்னொரு பையன் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான். ஊர் கூடிப் பார்க்கிற காட்சிக்குச் சில நாள்தான் பாக்கி. வேறு வழியில்லாமல் மச்சானைப் பிடித்துப் பழக்கினார்.

பழக்கினார் என்பது மெதுவான வார்த்தை. கிருஷ்ணமாச்சாரியார் வீட்டில் அவர் முன்னால் நிமிர்ந்து பார்க்க ஆள் கிடையாது. அடியும் விழும். இதை அய்யங்காரே வயதான காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஒரு காட்சியில் அனுமான் ஆசனம் போடச் சொன்னார். இரண்டு காலையும் முன்னும் பின்னுமாகத் தரையோடு தரையாக விரிக்கிற ஆசனம். பையனுக்கு அது தெரியாது. தப்பிக்க, கால்சட்டை இறுக்கமாக இருக்கிறது என்று ஒரு சாக்குச் சொன்னான். கத்தரிக்கோல் வந்தது! கால்சட்டையை இரண்டு பக்கமும் வெட்டிவிட்டுப் போடச் சொன்னார். போட்டான். தொடைத் தசை கிழிந்தது. வருஷக்கணக்கில் நடக்க அவஸ்தைப்பட்டார் அய்யங்கார்.

பெரிய மனிதர் செய்ததாலே இதை மூடி மறைக்க முடியாது. சொல்லிக்கொடுக்கிறவர் அவசரப்பட்டால் கற்றுக்கொள்கிறவன் உடம்புதான் கிழியும். இன்றைக்கும் யோகா வகுப்பில் முதுகில் கை வைத்து அழுத்துகிற வாத்தியார்களால் தசை பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் உண்டு.

அந்தக் காயம் பிறகு ஒரு முறையாகவே ஆனது. 1937-ல் அய்யங்கார் புனேவுக்கு அனுப்பப்பட்டார். பாஷை தெரியாத ஊர். தனியாக மணிக்கணக்கில் பழகி, எந்த எலும்பு எங்கே நிற்க வேண்டும், எந்தத் தசை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று தன் உடம்பிலேயே கண்டுபிடித்தார். வளையாதவனுக்குக் கட்டை, பெல்ட், கயிறு, நாற்காலி கொடுத்தார். அதுதான் அய்யங்கார் முறை. ஆசனம் குறைவு, ஒவ்வொன்றிலும் நிற்கிற நேரம் அதிகம். 1966-ல் வந்த அவர் புத்தகம் உலகம் பூராவும் போனது. 2014-ல் காலமானார்.

பட்டாபி ஜோயிஸ் மைசூரிலேயே தங்கினார். அரண்மனைப் பசங்களுக்குச் சொன்ன அந்தத் தாவல் பாடத்தை அப்படியே பிடித்துக்கொண்டார். வரிசை மாறாது. முதல் வரிசை சரியாக வராமல் அடுத்ததுக்குப் போக முடியாது. வேர்வை ஊற்றும். அது அஷ்டாங்கம். இப்போது வின்யாசா, பவர் யோகா என்று போர்டு மாட்டுகிறவர்களில் பலர் இந்த வேரிலிருந்து கிளைத்தவர்கள்தான். ஜோயிஸ் 2009-ல் காலமானார்.

வெள்ளைக்கார அம்மா வந்தார்

1937-ல் ஒரு அதிசயம். லாத்வியா நாட்டு ரீகா நகரில் பிறந்த ஒரு அம்மா, யோகம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மைசூர் வந்து நின்றார். இந்திரா தேவி என்று பெயர் வைத்துக்கொண்டவர். பெண்ணுக்கும் கிடையாது, வெளிநாட்டுக்காரிக்கும் கிடையாது என்று முதலில் கதவைச் சாத்திவிட்டார் கிருஷ்ணமாச்சாரியார். மகாராஜா சொன்ன பிறகுதான் இறங்கினார். துரத்திவிடலாம் என்று கடுமையான சாப்பாட்டுக் கட்டுப்பாடு போட்டுப் பார்த்தார். அம்மா அசையவில்லை. கடைசியில் போய்ச் சொல்லிக்கொடு என்று அவரே அனுப்பி வைத்தார்.

அந்த அம்மாவுக்கு 40 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்குத் தாவல் பாடம் கொடுக்கவில்லை. மெதுவான ஆசனம், மூச்சு, ஓய்வு. அதைக் கொண்டுபோய் 1947-ல் ஹாலிவுட்டில் பள்ளி வைத்தார் இந்திரா தேவி. சினிமா நட்சத்திரங்கள் வரிசையில் நின்றார்கள். 2002-ல் அர்ஜென்டினாவில் 102 வயதில் காலமானார்.

ஆக, வாத்தியார் ஒரே ஆள்தான். எதிரே நின்ற உடம்புதான் வேற வேற.

சீமையிலும் இதே கதை

இது யோகாவுக்கு மட்டும் உள்ள வழக்கு இல்லை. இப்போது சென்னையில் பிலாட்டீஸ் வகுப்பு என்று கேள்விப்படுகிறோமே, அதை உண்டாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883-ல் ஜெர்மனியில் பிறந்த நோஞ்சான் பிள்ளை. முதல் உலகப்போர் வந்தபோது இங்கிலாந்தில் இருந்தார். எதிரி நாட்டான் என்று வெள்ளைக்காரன் பிடித்து மான் தீவு முகாமில் அடைத்துவிட்டான். உள்ளே இருந்தவர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். கட்டிலில் ஸ்பிரிங் மாட்டி நோயாளிகளைப் பயிற்சி செய்ய வைத்தார் என்றும் கதை உண்டு. 1926-ல் நியூயார்க் போனார். நாட்டியக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1967-ல் காலமானார்.

அவருக்கப்புறம் சீடர்கள் பிரிந்தார்கள். குரு செய்த மாதிரியே ஒரு எழுத்து மாறாமல் செய்வோம் என்றது ஒரு கட்சி. டாக்டர்கள் இப்போது சொல்வதைச் சேர்த்து மாற்றுவோம் என்றது இன்னொரு கட்சி. பாயில் செய்வது ஒரு விதம், ஸ்பிரிங் வைத்த வண்டி மாதிரி மெஷினில் படுத்துச் செய்வது இன்னொரு விதம். பெயர் யாருக்குச் சொந்தம் என்று சண்டை கோர்ட்டுக்கே போனது. அது தனி ஆள் சொத்து இல்லை, எல்லாருக்கும் பொதுப்பெயர் என்று 2000-ல் நியூயார்க்கில் தீர்ப்பு வந்தது.

கிருஷ்ணமாச்சாரியார் சீடர்களுக்குள் கோர்ட் படி ஏறவில்லை. அதுவரை புண்ணியம்.

சென்னையில் புது ஜன்மம்

1940-ல் மகாராஜா காலமானார். சுதந்திரம் வந்தது, ராஜ்யம் போனது. யோகசாலைக்குப் பணம் வரவில்லை. 1950 வாக்கில் மூடிவிட்டார்கள். 60 வயதைத் தாண்டிய மனிதர், ஆறு பிள்ளைகளோடு மறுபடி நடுத்தெருவில்.

சென்னையில் பிரபல வக்கீல் ஒருவர் பக்கவாதத்தில் விழுந்திருந்தார். அவரைப் பார்க்க 1952-ல் வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் யோகம் சொல்லிக்கொடுத்தார்.

இங்கேதான் ஆளே மாறிவிட்டார். தேடி வந்தவர்கள் அரண்மனைப் பசங்கள் இல்லை. முதுகு வலிக்காரர், ஆஸ்துமாக்காரர், தூக்கம் வராதவர், பிள்ளை பெற்ற பெண்கள், ரிட்டயர் ஆனவர்கள். தாவச் சொன்னால் அங்கேயே விழுவார்கள். எனவே கூட்டமாக வகுப்பு கிடையாது. ஒரு நேரத்தில் ஒரே ஆள். நாடி பார்ப்பார். என்ன வேலை, என்ன சாப்பாடு, எப்போது தூக்கம் என்று குடைந்து விசாரிப்பார். அந்த ஆளுக்கு மட்டும் ஒரு பாடம் எழுதிக் கொடுப்பார். முழங்கால் மடங்கலாம், நாற்காலியில் உட்காரலாம், படுத்துக்கொண்டே செய்யலாம். மூச்சோடு சேர்ந்து செய்ய வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். கத்தரிக்கோல் எடுத்த அதே மனிதர்தான் இவர்.

நடுரோட்டில் கட்டிப்பிடித்த அம்மா!

மகன் தேசிகாச்சார் என்ஜினீயரிங் முடித்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அப்பாவின் யோகாவில் அவருக்கு நாட்டமே இல்லை. 1960-களின் தொடக்கம். வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நியூசிலாந்துக்கார அம்மா ஒருவர் இறங்கி ஓடி வந்து, பூணூலும் நாமமுமாக நின்ற அப்பாவை நடுத்தெருவில் கட்டிப்பிடித்துக்கொண்டார். மகன் ஆடிப்போனார்.

விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. வருஷக்கணக்காக மாத்திரை இல்லாமல் தூங்காத அந்த அம்மா, முந்தின ராத்திரி மாத்திரை போடாமல் தூங்கியிருக்கிறார். மகன் யோசித்தார். வேலையை விட்டார். சொல்லிக்கொடுங்கள் என்று அப்பாவிடம் போய் நின்றார்.

அப்பா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வா என்றார். மகன் என்று சலுகை கிடையாது. 1976-ல் தேசிகாச்சார் அப்பா பெயரில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கினார். மந்தைவெளி ராமகிருஷ்ணா நகரில் இருக்கிறது.

பெண்ணுக்குக் கிடையாது என்று கதவைச் சாத்தியவர், கடைசிக் காலத்தில் பெண்களுக்கு வேதம் ஓதவே கற்றுக்கொடுத்தார். ஆச்சாரக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவர் கவலைப்படவில்லை. மடாதிபதி பட்டம் தேடி வந்தபோதும், குடும்பத்தை விட முடியாது என்று மறுத்துவிட்டாராம். வெளிநாட்டுப் பக்கமே போகவில்லை.

96 வயதில்தான் அந்த விபத்து. இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டார். படுக்கையிலேயே தனக்கு என்ன முடியும் என்று பார்த்து, தனக்கே ஒரு பாடம் போட்டுக்கொண்டு, கிடந்தபடியே செய்தார். இது அவர் உடம்புக்கு அவர் எடுத்த முடிவு. நம்ம வீட்டுப் பெரியவர் விழுந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்க வேண்டும். அதில் வீம்பு கூடாது.

1989 பிப்ரவரி 28-ந்தேதி காலமானார். நூறாவது பிறந்தநாள் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

எதில் சேர்வது?

இப்போது திருவரங்குளத்துக்காரர் கேள்விக்கு வரலாம். 20 வயது, நோய் நொடி இல்லை, வேர்வை ஊற்ற வேண்டும் என்றால் ஜோயிஸ் வழி. உடம்பு வளையவே இல்லை, ஆனால் முறையாக நிற்கப் பழக வேண்டும் என்றால் அய்யங்கார் வழி. வியாதியோ வயதோ இருந்தால் ஒருத்தருக்கு ஒருத்தர் என்று பார்த்துச் சொல்லிக்கொடுக்கிற மந்தைவெளி வழி. ரத்தக்கொதிப்போ, கண்ணில் நீரழுத்தமோ இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தலைகீழாக நிற்கக் கூடாது. செல்போனைப் பார்த்துச் சிரசாசனம் போடுகிறவர்களுக்கு இதை எத்தனை தடவை சொன்னாலும் ஏறுவதில்லை.

வகுப்பில் சேரும்போது கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. என்ன வியாதி, என்ன வயசு என்று ஒரு வார்த்தை கேட்காமல் பணத்தை மட்டும் வாங்கிப் போடுகிற வாத்தியாராக இருந்தால், எந்த முறை என்று போர்டு தொங்கினாலும் நடையைக் கட்டிவிடலாம்.

வருஷா வருஷம் ஜூன் 21-ந்தேதி பள்ளிக்கூட மைதானங்களில் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்கார வைக்கிறார்கள். 2015-லிருந்து அது உலக யோகா தினம். வடக்கே பகல் நீளமாக இருக்கிற நாள் என்பதற்காக ஐ.நா. சபை அந்தத் தேதியை எடுத்துக்கொண்டது.

தேசிகாச்சார் 2016-ல் காலமானார். அவர் பிறந்ததும் 1938-ல் ஒரு ஜூன் 21-ந்தேதிதான்.